வயதைக் கேட்கும் ஊர்

வியட்நாமின் ஹனோயில் இறங்கிய முதல் நாளிலேயே நான்கு பேர் என் வயதைக் கேட்டுவிட்டார்கள். விடுதியின் வரவேற்பில் இருந்த பெண், தெருவோரம் தேநீர் விற்றவர், பைக்கில் ஏற்றிச் சென்ற இளைஞர், கடைசியாக ஹோவான் கியெம் ஏரிக்கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு மூதாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கூட வந்த பேத்தியின் கைபேசியை வாங்கி, மொழிபெயர்ப்புச் செயலியில் ஏதோ பேசி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் ஒரே கேள்வி: "உங்களுக்கு எத்தனை வயது?"

தனியாக வந்த பெண்ணிடம் இது என்ன விசாரணை என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. முப்பத்தெட்டு என்று விரல்களால் காட்டிவிட்டு எழுந்து நடந்துவிட்டேன். அப்படி எழுந்து போனதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். அவர் ஏன் கேட்டார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். 2024 அரையாண்டு விடுமுறை டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை. அந்த ஒன்பது நாளுக்குள் போய்வர வேண்டும், யாருடைய பாக்கேஜிலும் சேராமல் தனியாகப் போக வேண்டும், விமான டிக்கெட் போக ஒரு நாளைக்கு ஐந்து லட்சம் டாங்குக்கு மேல் செலவழிக்கக் கூடாது. இந்த மூன்றையும் முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். ஐந்து லட்சம் என்றதும் மலைக்க வேண்டாம். அப்போது ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். ஐந்து லட்சம் என்பது நம் கணக்கில் 1,650 ரூபாய் சொச்சம். அதற்கு அங்கே ஒரே நோட்டு இருக்கிறது, நீல நிறத்தில். நாளுக்கு ஒரு நீல நோட்டு என்பது என் கணக்கு.

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். வியட்நாமின் மின்-விசாவை 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர். அரசின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதைப் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் தளங்கள் பல உண்டு, நிதானமாகப் பாருங்கள். நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல் பெயரில்தான் வருகிறது. இனிஷியலோடு வாழ்கிறவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சாகியிருக்குமே, அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் விண்ணப்பத்தை நிரப்புங்கள். விசா வந்ததும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, என்னைப்போல் அரசுப் பணியில் இருப்பவர்கள் வெளிநாடு போக முன்அனுமதி வாங்க வேண்டும். விடுமுறைதானே என்று விட்டுவிட வேண்டாம். நான் அக்டோபரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, ஹனோயில் இறங்கினேன். ஏழு கிலோ முதுகுப்பை ஒன்றுதான் சுமை. விமான நிலைய வாசலில் ஒருவர் பஸ் எல்லாம் நின்றுவிட்டது என்றார். ஆறு லட்சம் டாங் கொடுத்தால் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் பின்னால் ஆரஞ்சு நிற 86-ஆம் எண் பஸ் நின்றுகொண்டிருந்தது. 45 ஆயிரம் டாங் டிக்கெட், பழைய நகரத்தின் விளிம்பில் இறக்கிவிடுகிறது. எந்த ஊரானாலும் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் பஸ் எண்ணை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு போவது நல்லது. களைத்து இறங்குகிற அந்த அரை மணி நேரத்தில் யார் சொன்னாலும் நம்பிவிடுவோம்.

இனி வயதுக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணி. ஹனோய்க்கு டிசம்பர் கடைசியில் ஆறரைக்குத்தான் விடிகிறது. விடுதியிலிருந்து இறங்கிய சந்து முனையில், நடைபாதையில் ஒரு மூங்கில் கூடையும் நான்கைந்து பிளாஸ்டிக் முக்காலிகளும் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கூடையிலிருந்து ஆவி பறந்தது. ஸோய் என்கிற ஒட்டரிசிச் சோறு. மஞ்சள் சேர்த்து வேகவைத்ததை ஸோய் ஸேவ் என்கிறார்கள். உணவுக்கடைகளில் எல்லோரும் பரிமாறுகிறவரை "எம் ஒய்" என்று கூப்பிடுவதை முதல் நாள் கவனித்திருந்தேன். ஹலோ மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து நானும் "எம் ஒய்" என்றேன். அவர் நிமிரவே இல்லை. இன்னொரு முறை சத்தமாகக் கூப்பிட்டேன். வரிசையில் நின்ற அலுவலகப் பெண் ஒருவர்தான் எனக்காக வாங்கிக் கொடுத்தார்.

விடுதிக்குத் திரும்பி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவருக்கு 22 வயது. ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து விளக்கினார். எம் என்றால் தம்பி அல்லது தங்கை. ஆஞ் என்றால் அண்ணன். சி என்றால் அக்கா. நம் காதுக்கு அது வேறு மாதிரி விழும், ஆனால் அங்கே அது மரியாதைச் சொல். அம்மா அப்பாவைவிட இளையவர் என்றால் பெண்ணுக்கு கோ, ஆணுக்கு சூ. அவர்களைவிட மூத்தவர் ஆணோ பெண்ணோ பாக், அதாவது பெரியம்மா, பெரியப்பா. பாட்டிக்குப் பா, தாத்தாவுக்கு ஓங். ஒய் என்பது விளி. வியட்நாமிய மொழியில் "நான்", "நீ" என்று பொதுவாகப் பேசினால் அந்நியமாக இருக்குமாம். எதிரே இருப்பவர் எனக்கு என்ன முறை என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காகத் தொடங்க முடியாது. அதனால்தான் எடுத்த எடுப்பில் வயதைக் கேட்கிறார்கள். நானோ அறுபதைத் தாண்டிய ஒருவரைத் தங்கச்சி என்று இரண்டு முறை கத்திக் கூப்பிட்டிருக்கிறேன்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விஷயம். அவர் என்னிடம் பேசும்போது தன்னை "எம்" என்றே சொல்லிக்கொண்டார்: "தங்கை உங்களுக்குச் சாவி தருகிறாள்." நான் அவரிடம் பேசும்போது என்னை "சி" என்று சொல்ல வேண்டும். இது நமக்குப் புதிதா? "அக்கா சொல்வதைக் கேள்" என்று நாம் நம்மையே உறவுப் பெயரால் சொல்லிக்கொள்வதில்லையா? பஸ்ஸில் முன்பின் தெரியாதவரை அண்ணா என்றும், காய்கறிக்காரரை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வது எளிது. விலை கேட்கவும் வழி கேட்கவும் செயலி போதும். கூப்பிடுவதற்கான சொல்லை மட்டும் வாயால் பழகிக்கொள்ளுங்கள் என்று போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அதே முனைக்குப் போய் "பாக் ஒய்" என்றேன். அவர் உடனே திரும்பினார். கேட்டார். நானும் பாடம் செய்து வைத்திருந்தபடி முப்பத்தெட்டு என்று அவர் மொழியில் சொன்னேன். பக்கத்து முக்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார்.

அந்த முக்காலி ஒரு முழ உயரம்கூட இருக்காது. அங்கிருந்து பார்த்தால் அவர் கை வேலை முழுக்கத் தெரியும். வாழையிலைத் துண்டை இடது உள்ளங்கையில் விரித்து, மஞ்சள் சோற்றை ஒரு கை வைப்பார். வேகவைத்து மசித்து உருட்டிய பாசிப்பருப்பு தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டையாக இருக்கும். அதைக் கையில் பிடித்துக் கத்தியால் சீவுவார். பருப்பு மெல்லிய செதிலாகச் சோற்றின்மேல் உதிரும். மேலே பொரித்த சின்ன வெங்காயம். அப்புறம் ஒரு பாட்டிலைச் சாய்ப்பார். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். பாட்டிலில் இருப்பது உருக்கிய கோழிக் கொழுப்பு.

சைவத்துக்கு அவர்கள் சொல் "ச்சய்". நம் சைவம் என்ற சொல்லைப்போல அதுவும் சமயத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்த சொல். குரலை ஏற்றாமல் இறக்காமல் சமமாகச் சொல்ல வேண்டும். ஏற்றிச் சொன்னால் தீப்பற்றுவது என்றும், அழுத்தி வெட்டிச் சொன்னால் ஓடுவது என்றும் பொருள் மாறிவிடும். நான் எழுதிய சீட்டையே காட்டினேன்: இறைச்சி, மீன், மீன் சாறு, கொழுப்பு வேண்டாம். வெறுமனே சைவம் என்று சொல்வதைவிட இப்படி ஒவ்வொன்றாக எழுதிக் காட்டுவதுதான் பயன்படும். மீன் சாற்றை அங்கே உப்பு மாதிரி எல்லாவற்றிலும் சேர்க்கிறார்கள். அவர் படித்துப் பார்த்துப் பாட்டிலை ஓரம் தள்ளினார். வெங்காயத்தையும் எடுத்துவிட்டார், அது எதில் பொரித்தது என்று அவருக்குத்தானே தெரியும். பதிலுக்கு ஒரு டப்பாவைத் திறந்து பொடி தூவினார். வறுத்த எள், வேர்க்கடலை, உப்பு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம் வீட்டு எள்ளுப்பொடி, காரம் மட்டும் இல்லை.

விலை 20 ஆயிரம் டாங். பர்ஸிலிருந்து நீல நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி, தெருவிளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து, என் பர்ஸைத் தானே விரித்து இன்னொரு நீல நோட்டை எடுத்தார். இரண்டையும் என் முழங்கால்மேல் அருகருகே வைத்தார். 20 ஆயிரமும் நீலம், ஐந்து லட்சமும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம்தான். நான் கொடுத்தது ஐந்து லட்சம். அவர் நோட்டுகளைப் புரட்டிப் பின்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். 20 ஆயிரத்தில் கூரை வேய்ந்த ஒரு பாலம். ஹோய் ஆனில் இருக்கும் பழைய ஜப்பானியப் பாலம் அது. ஐந்து லட்சத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. பாலம், வீடு, பாலம், வீடு என்று இரண்டு முறை காட்டிவிட்டு, வீட்டை என் பர்ஸுக்குள் திருப்பி வைத்து மூடினார்.

முதல் நாள் இரவு கணக்குப் பார்த்தபோது ஒரு பெரிய நீல நோட்டு குறைந்தது. எங்கே விட்டேன் என்று விளங்காமல் இருந்தது, அப்போது விளங்கியது. அன்றிலிருந்து ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனி உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பர்ஸில் சில்லறை மட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சில் ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். ஐந்து விரல் காட்டினால் இடத்தைப் பொறுத்து ஐந்தாயிரமாகவும் இருக்கும், 50 ஆயிரமாகவும் இருக்கும். வாங்குவதற்கு முன்பே நோட்டைக் காட்டி, இதுவா என்று கேட்டுவிடுங்கள்.

என் நாள் கணக்கு ஏறத்தாழ இப்படி ஓடியது. அடுக்குக் கட்டில்கள் ஆறு போட்ட பெண்கள் அறையில் ஒரு படுக்கை ஒரு லட்சத்து 80 ஆயிரம். காலை ஸோய் 20 ஆயிரம். மதியம் சைவக் கடையில் சோறு, தோஃபு, கீரை, சூப் எல்லாம் சேர்த்து 50 ஆயிரம், இரவும் அதே அளவு. நடைபாதையில் ஐஸ் போட்ட தேநீர் ஐந்தாயிரம். காபி 30 ஆயிரம். தூரமான இடங்களுக்குச் செயலியில் பைக் வரவழைத்தால் 30 அல்லது 40 ஆயிரம்; கட்டணம் முன்பே திரையில் வந்துவிடும், ஹெல்மெட்டும் அவர்களே தருவார்கள். அருங்காட்சியக டிக்கெட்டும் சேர்த்தால்கூட ஐந்து லட்சம் பெரும்பாலும் மீந்தது. மீந்ததில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். அது வாங்கியே ஆக வேண்டியிருந்தது. வியட்நாம் என்றாலே வெயில் என்று நினைத்துப் போயிருந்தேன். வடக்கில் டிசம்பர் கடைசியில் பதினைந்து டிகிரிக்கும் கீழே போகிறது, நான் தங்கிய அறையில் ஹீட்டர் கிடையாது. முகக்கவசமும் எடுத்துப் போங்கள். குளிர்காலத்தில் அங்கே காற்று மோசம்.

காபியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஃபின் என்ற சின்னத் தகர வடிகட்டியைக் கண்ணாடித் தம்ளர் மேலேயே உட்கார வைத்துத் தருகிறார்கள். நம் பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரத்தை மட்டும் தனியே எடுத்து வைத்ததுபோல் இருக்கும். அடியில் கெட்டிப் பால், மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் கறுப்பு டிகாக்‌ஷன். இறங்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் யாரும் கைபேசியைக்கூடப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தஞ்சை மாவட்டத்துக்காரியாக இதைச் சொல்கிறேன்: நல்ல காபி.

தெருவைக் கடப்பது பலரைப் பயமுறுத்தும். பைக்குகள் வெள்ளம்போல் வந்துகொண்டே இருக்கும், இடைவெளி விழவே விழாது. விடுதிப் பெண் சொல்லிக் கொடுத்த முறை இது: இறங்கிவிட்டால் ஒரே வேகத்தில் நட, நிற்காதே, ஓடாதே, பின்னால் மட்டும் வராதே. நீங்கள் அடுத்த நொடி எங்கே இருப்பீர்கள் என்று ஓட்டுகிறவர் கணித்துத்தான் வளைகிறார். தயங்கி நின்றால் அவர் கணக்கு தவறிவிடும். இது பைக்குக்கு மட்டும்தான் பொருந்தும். காருக்கும் பஸ்ஸுக்கும் நாம்தான் நிற்க வேண்டும்.

நான்காம் நாள் ஏரிக்குப் பக்கத்தில், தோள்கழியில் இரண்டு கூடை தொங்கவிட்டு வாழைப்பழமும் அன்னாசியும் விற்ற ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து கழியை என் தோளில் வைத்துவிட்டார். படம் எடுத்துக்கொள் என்று சைகை. எடுத்த பிறகு நான்கு வாழைப்பழத்துக்கு இரண்டு லட்சம் கேட்டார். பேசிப் பேசி 50 ஆயிரத்துக்கு முடித்தேன். கோபமாகத்தான் வந்தேன். அன்று மாலை வியட்நாம் மகளிர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். தெருவில் கூடை சுமந்து விற்கும் பெண்களைப் பற்றி அங்கே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து, ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைக்க ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். ஏமாற்றுவது சரி என்று நான் சொல்லவில்லை. கழி தோளுக்கு வரும்போதே கையை உயர்த்தி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கழியின் கனம் அரை நிமிடம் என் தோளில் இருந்தது. படத்துக்காகச் சுமந்த எனக்கே எலும்பில் அழுத்தியது.

அவர்கள் சரக்கு எடுக்கும் இடத்தைப் பார்க்க மறுநாள் நான்கு மணிக்கே எழுந்து லாங் பியென் பாலத்துக்குப் போனேன். விடுதிப் பெண் துணைக்குத் தன் அண்ணனை அனுப்பினார். அந்த நேரத்தில் புது ஊரில் தனியே போக வேண்டாம் என்றே நானும் சொல்வேன். பாலத்தடியில் மொத்தச் சந்தை. நள்ளிரவு தொடங்கி விடியும்வரை நடக்கிறது. கோயம்பேட்டின் கூச்சல் அப்படியே இருந்தது, மொழிதான் வேறு. பாலத்தில் 1899-1902 என்று பொறித்த பிரெஞ்சுக் கம்பெனித் தகடு இன்னும் இருக்கிறது. அமெரிக்கக் குண்டுகள் 1967-லும் 1972-லும் இதை உடைத்தன. உடைந்த கண்களை எளிய கட்டுமானத்தில் இணைத்திருப்பதை நடந்து போகும்போதே பார்க்கலாம். நடுவில் ரயில், இரு ஓரமும் பைக்கும் சைக்கிளும். வியட்நாமில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், இந்தப் பாலத்தில் நம் ஊர்போல இடப்பக்கம். பாதி தூரம் நடந்தபோது கீழே செந்நதி வெளுக்கத் தொடங்கியது.

டிசம்பர் 31 அங்கே சந்திர மாதத்தின் முதல் நாள். அமாவாசையை ஒட்டி முதல் நாளும், பௌர்ணமியை ஒட்டிப் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள். வழக்கமாக ஒன்றும் கிடைக்காத தெருக்களில்கூட அன்று "ச்சய்" என்று எழுதிய அட்டைகள் தொங்கின. சைவக்காரர்கள் பயண நாளைக் குறிக்கும்போது நாட்காட்டியில் இந்த இரண்டு நாளையும் பார்த்துக்கொள்ளலாம். எள்ளுப்பொடி டப்பா அன்றைக்குப் பெரிதாக இருந்தது, பாட்டில் பின்னால் போயிருந்தது.

ஜனவரி 1, கடைசிக் காலை. தெருவில் ஏதோ மாறியிருந்தது. சிவப்பு விளக்கில் எல்லா பைக்கும் கோட்டுக்குப் பின்னால் அசையாமல் நின்றன. அன்றுதான் புதிய அபராத விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது: சிவப்பு விளக்கைத் தாண்டும் பைக்குக்கு 40 முதல் 60 லட்சம் டாங். ஒரு வாரமாக நான் பழகிய கடக்கும் முறைக்கு அன்று வேலையே இல்லை.

"பாக் ஒய்" என்று கூப்பிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். முதுகுப்பையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. பருப்பைச் சீவிக்கொண்டே ஏதோ கேட்டார். செயலியைத் திறந்து நீட்டினேன். திரையில் வந்தது: "உன் அம்மாவுக்கு எத்தனை வயது?"

அறுபத்தாறு என்று எழுதிக் காட்டினேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். தன் மார்பைத் தொட்டு, ஆறும் ஒன்றும் விரலில் காட்டினார். அறுபத்தொன்று. பிறகு தலையை அசைத்து, "பாக்" இல்லை என்று கையை ஆட்டினார். மெதுவாக, நான் வாயைப் பார்த்துப் பழகும்படி, "கோ" என்றார். அம்மாவுக்கு இளையவர். ஐந்து நாளாக அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

"கோ" என்றேன். இலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். கூரை வேய்ந்த பாலத்தின் படம் மேலே தெரியும்படி நோட்டை அவரிடம் நீட்டினேன்.